எழுபது மீட்டர் ஆழத்தில் வெறும் காற்று: யூ-869 விபத்தின் ஆய்வு

இருவரும் ட்ரைமிக்ஸில் இறங்கிப் பழகியவர்கள். ஹீலியம் கலந்த அந்த வாயுவைச் சுவாசித்தால் ஆழத்தில் மூளை தெளிவாக இருக்கும் என்று மற்றவர்களுக்கே எடுத்துச் சொல்லக்கூடியவர்கள். ஆனாலும் 1992 அக்டோபர் 12 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் குதித்தபோது கிறிஸ் ரௌஸ், அவர் மகன் கிறிஸி ரௌஸ் இருவரின் முதுகுச் சிலிண்டர்களிலும் இருந்தது சாதாரணக் காற்று. ஹீலியம் விலை அதிகம், கையில் காசு குறைவு. கீழே 70 மீட்டரில் பெயர் தெரியாத ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கிடந்தது. அதன் பெயரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை.

அப்பாவுக்கு 39 வயது, மகனுக்கு 22. இருவருமே வீடு திரும்பவில்லை.

மூழ்கிய கப்பல்களுக்குள் போய்ப் பார்க்கும் முக்குளிப்பைப் பற்றி யார் வகுப்பெடுத்தாலும் இந்த விபத்து எங்காவது தலைகாட்டும். பெரும்பாலும் 'பேராசை', 'அவசரம்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான் 30 மீட்டர் வரை இறங்கப் பயிற்சிச் சான்று அட்டை வைத்திருக்கும் ஒரு சாதாரண டைவர்; தீர்ப்பு சொல்லும் தகுதி கிடையாது. ஆனால் பயிற்சி இல்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் கதை ஊருக்கு நூறு இருக்கிறது. ரௌஸ் குடும்பத்தின் கதை வேறு. பயிற்சியெல்லாம் முறையாகப் பெற்று, அதில் முக்கியமான ஒன்றை அன்று மட்டும் கரையிலேயே விட்டுவிட்டு இறங்கியவர்கள் அவர்கள். அதனால்தான் இதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கீழே கிடந்தது

1991 செப்டம்பர் தொடக்கத்தில், 'சீக்கர்' என்ற படகில் போன டைவர்கள், மீனவர் ஒருவர் வழியாகக் கிடைத்த ஓரிடத்தைச் சோதிக்கப் போனார்கள். முதலில் இறங்கிப் பார்த்தவர் ஜான் சாட்டர்டன். கல்லோ பழைய சரக்குத் தோணியோ இருக்கும் என்று நினைத்துப் போனவர், நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் யூ-போட். அந்த இடத்தில் அப்படி ஒரு கப்பல் மூழ்கியதாக அமெரிக்கப் பதிவிலும் இல்லை, ஜெர்மன் பதிவிலும் இல்லை.

ஆழக் கடலில் முக்குளிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. பெயரோ எண்ணோ பொறித்த ஒரு பொருளை உள்ளேயிருந்து யார் முதலில் கொண்டுவருகிறாரோ அவர் சரித்திரத்தைத் திருத்தி எழுதுவார். ஆகவே எல்லோரும் உள்ளே போக வேண்டியிருந்தது. வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வருவதில் பலன் இல்லை.

இந்த வகை யூ-போட் சுமார் 76 மீட்டர் நீளம். ஆனால் ஆள் நடமாடிய உட்கூடு ஐந்து மீட்டர் அகலம்கூட இருக்காது. அதற்குள்ளே குழாய்கள், மின்கம்பிகள், படுக்கைகள், இயந்திரங்கள், அறைக்கு அறை வட்டமான சிறு வாசல். இந்தக் கப்பலில் கண்காணிப்புக் கோபுரம் பிய்ந்து பக்கத்தில் விழுந்து கிடந்தது. நடுவிலிருந்த கட்டுப்பாட்டு அறையின் பக்கம் கிழிந்து பெரிய ஓட்டை. ஐம்பது வருடத்துச் சேறு ஒவ்வொரு அறையிலும் படிந்திருந்தது. சேற்றுக்குள் மாலுமிகளின் எலும்புகள்.

கண்டுபிடித்த அதே மாதத்தில், இரண்டாவது பயணத்திலேயே ஒரு டைவர் இறந்துபோனார். காற்றைச் சுவாசித்துக்கொண்டு இறங்கியவர் கீழேயே நினைவிழந்தார். இதைச் சொல்லக் காரணம் உண்டு: அந்த ஆழத்தில் காற்று என்ன செய்யும் என்பது 1992இல் யாருக்கும் புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

எழுபது மீட்டரில் காற்று என்ன செய்யும்

இந்த விபத்தில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. எனவே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். மேற்பரப்பில் ஒன்று, 70 மீட்டரில் எட்டு. சிலிண்டரிலிருந்து மூச்சுக் கொடுக்க வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் அதே எட்டு பார் அழுத்தத்தில்தான் காற்றைத் தரும். இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. அப்படியென்றால் ஒவ்வொரு மூச்சிலும் தரையில் இழுப்பதைப்போல எட்டு மடங்கு வாயு உள்ளே போகிறது. சும்மா நீந்தும்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 160 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் சிலிண்டர் இரண்டை 200 பாருக்கு நிரப்பினால் மொத்தம் 6,000 லிட்டர். அமைதியாக இருந்தாலே 37 நிமிடத்தில் காலி. பயந்து, பாரம் தள்ளி, மூச்சு வாங்கினால் நிமிடத்துக்கு 400 லிட்டர்கூடப் போகும்; அதே சிலிண்டர் கால் மணி நேரம்தான் வரும்.

அடுத்தது நைட்ரஜன். தரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. எட்டு பாரில் அதன் பங்கு ஆறு பாருக்கு மேல் ஏறிவிடும். அப்போது அது மயக்க மருந்து. வெறும் வயிற்றில் குடித்தவனைப்போல ஆகிவிடும் என்பார்கள். சிரிப்பு வரலாம், பயம் வரலாம். அது ஆளைப் பொறுத்தது. எல்லோருக்கும் பொதுவான விளைவு ஒன்று உண்டு. கவனம் ஒரு புள்ளியில் சுருங்கிவிடும். கையில் இருக்கும் வேலை மட்டும் தெரியும். நேரம், காற்றளவு, வந்த வழி எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். அப்படிப் போய்விட்டது என்பதும் தெரியாது.

ஆக்ஸிஜனும் சும்மா இருக்காது. எட்டு பாரில் காற்றின் ஆக்ஸிஜன் அழுத்தம் 1.68. உழைக்கும்போது 1.4, ஓய்வாகத் தொங்கும்போது 1.6 என்பது இன்று வகுப்புகளில் சொல்லும் எல்லை. தாண்டினால் நீருக்கடியில் வலிப்பு வரலாம். வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும், அவ்வளவுதான்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது: காற்றின் அடர்த்தி. அந்த ஆழத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 10 கிராம் எடை. லிட்டருக்கு ஆறு கிராமைக் கொஞ்சம் தாண்டினாலே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடர்ந்த வாயுவை நுரையீரல் முழுதாக வெளியே தள்ள முடியாமல் கரியமில வாயு உடம்பில் தங்கும். அது மூச்சிரைப்பைக் கூட்டும், நைட்ரஜன் மயக்கத்தையும் கூட்டும், காரணமில்லாத பீதியைக் கிளப்பும்.

இப்போது அதே 70 மீட்டரில் பாதி ஹீலியம், 16 விழுக்காடு ஆக்ஸிஜன், மீதி நைட்ரஜன் கலந்த ட்ரைமிக்ஸை வைத்துப் பாருங்கள். நைட்ரஜன் அழுத்தம் 2.7 பாருக்கு இறங்கிவிடும். காற்றில் 24 மீட்டருக்குப் போனவருக்கு எவ்வளவு மயக்கம் இருக்குமோ அவ்வளவுதான். ஆக்ஸிஜன் 1.28, எல்லைக்குள். 70 மீட்டரில் நின்றுகொண்டு 24 மீட்டரில் இருப்பவனின் தலையோடு யோசிக்கலாம். அந்த ஹீலியத்தின் விலையில் வாங்குவது இதைத்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் 70 மீட்டரைக் காற்றிலேயே தொட்டு வருவது சகஜம். ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணிக் கப்பல் 1956இல் மூழ்கி அதே போன்ற ஆழத்தில் கிடக்கிறது. அதற்குள் பல ஆண்டுகளாகக் காற்றில்தான் போய் வந்தார்கள். ட்ரைமிக்ஸ் அப்போதுதான் பொழுதுபோக்கு டைவர்களிடம் வந்துகொண்டிருந்தது. அதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களும் நிறைய. ஆகவே ரௌஸ்கள் அன்று எடுத்த முடிவு, படகிலிருந்த யாருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்காது. அதுதான் இதிலுள்ள ஆபத்து.

அன்று நடந்தது

திட்டம் எளிமையானது. மகன் உள்ளே போவார், தந்தை வெளியே நிற்பார். அடியில் 20 நிமிடம். அப்புறம் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக மேலே வருவது.

படிப்படியாக என்பதற்கு அர்த்தம் உண்டு. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் குமிழி பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் இரத்தத்திலும் அதுவே நடக்கும். 20 நிமிட வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கயிற்றில் தொங்கிக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கென்று தனிச் சிலிண்டர்கள், ஸ்டேஜ் சிலிண்டர்கள் என்பார்கள், கொண்டுபோய் வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். குறுகலான இடத்தில் அவற்றைச் சுமந்துகொண்டு போக முடியாது.

கிறிஸி உள்ளே சேற்றில் தோண்டிக்கொண்டிருந்தார். ஏதோ எழுத்து தெரிந்த ஒரு பொருளை விடுவிக்கப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. தோண்டத் தோண்ட, மேலே நின்றிருந்த கனமான சாமான் சரிந்து அவரை அமுக்கிவிட்டது. சேறு கிளம்பி எதுவும் தெரியாமல் போயிற்று. வெளியே நின்ற தந்தை உள்ளே புகுந்தார்.

மகனை விடுவித்துவிட்டார். எட்டு பார் காற்றின் மயக்கத்தில், கலங்கலில், தடவித் தடவியே அதைச் செய்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் படிப்பு நின்றுவிடும். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது, திரும்பி வர வழிகாட்டும் கயிறும் தவறியிருந்தது. வெளியே வந்த பிறகு ஸ்டேஜ் சிலிண்டர்களை வைத்த இடத்துக்கு அவர்களால் சரியாகத் திரும்ப முடியவில்லை. 20 நிமிடத்துக்குப் போனவர்கள் ஏறத்தாழ 40 நிமிடம் அடியில் இருந்திருந்தார்கள். அதற்கான காத்திருப்பு இரண்டு மூன்று மணி நேரம். கையிலிருந்த வாயு அதில் ஒரு சிறு பகுதிக்குக்கூடக் காணாது.

இருவரும் நிற்காமல் மேலே வந்தார்கள்.

தன்னை விட்டுவிட்டு முதலில் மகனைத் தூக்கச் சொன்னார் தந்தை என்று படகில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரை ஏற்றியபோது உயிர் ஏறக்குறைய போய்விட்டிருந்தது, தளத்திலேயே இறந்தார். மகனுக்கு நினைவு இருந்தது, தாங்க முடியாத வலி இருந்தது, கால்கள் அசையவில்லை. உள்ளே நடந்ததில் நமக்குத் தெரிவதெல்லாம் அப்போது அவர் சொன்னதுதான். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் அவரை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள மருத்துவமனையின் அழுத்த அறைக்குக் கொண்டுபோனது. காப்பாற்ற முடியவில்லை.

எங்கே அறுந்தது

விபத்து ஆய்வில் ஒரு பழக்கம் உண்டு: கடைசியில் கொன்றது எது என்று கேட்காமல், எந்தக் கண்ணி அறுபடாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று கேட்பது. ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளில் டைவர்கள் கொத்துக் கொத்தாக இறந்த காலத்தில் ஷெக் எக்ஸ்லி என்பவர் ஒவ்வொரு சாவையும் இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். 1979இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் குகை வகுப்புகளின் அடிப்படை. வெளியே திறந்த நீர் வரைக்கும் அறுபடாத கயிறு. வாயுவில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. பழகிய ஆழத்தைத் தாண்டாமை. பிறகு பயிற்சியும் மூன்று விளக்குகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டன. சொல்லப்போனால் எக்ஸ்லியே 1994இல் மெக்ஸிகோவில் ஓர் ஆழக் கிணற்றில் இறந்தார். அது வேறு கதை.

ரௌஸ்கள் இந்தக் குகைப் பள்ளியில் வந்தவர்கள். கயிறு போடுவதில் கெட்டிக்காரர்கள். அப்படியிருந்தும் கயிற்று வழி ஏன் தவறியது? குகை வேறு, கப்பல் வேறு என்பதுதான் நான் கண்ட பதில். சுண்ணாம்புக் குகையின் கூரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. டைவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், எதையும் தோண்டுவதில்லை. துருப்பிடித்த கப்பலில் விடுகிற மூச்சின் குமிழி பட்டாலே மேலிருந்து துரு கொட்டும். அலமாரி, குழாய், தகடு எல்லாம் இன்றோ நாளையோ விழக் காத்திருப்பவை. அங்கே போய்த் தோண்டுகிறோம். இன்னொன்று, குகைக்கு வந்த வழிதான் போகும் வழி. அதனால் ஸ்டேஜ் சிலிண்டரை வழியில் எங்கே வைத்தாலும் திரும்பும்போது காலில் இடறும். கிழிந்த கப்பலில் நாலைந்து ஓட்டை. ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறினால் எல்லாமே இடம் மாறிவிடும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் எட்டினாலும், தெளிந்த மூளை 'இது வேறு பக்கம்' என்று கண்டுபிடிக்கச் சில நொடி ஆகும். மயங்கிய மூளைக்கு?

தந்தை மகன் என்ற உறவால் அறுந்த கண்ணியும் ஒன்று உண்டு. வெளியே நிற்பவரின் வேலை, உள்ளே போனவர் வராவிட்டால் என்ன செய்வது என்று நிதானமாக யோசிப்பது. மகன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று தெரிந்த தகப்பனிடம் எந்தப் பயிற்சியும் அதைக் கேட்க முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் உள்ளே போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் தோண்டுவதை எப்போது நிறுத்துவது என்ற முடிவு இருக்கிறதே, அது மகனுடையது. சாமான் சரிவதற்கு முன்பே ஆட்டம் தெரிந்திருக்கலாம், கடிகாரம் ஓடியிருக்கும். அந்த இடத்தில்தான் ஹீலியம் இல்லாதது முழுதாகத் தெரிகிறது. மயக்கம் அவரை முட்டாளாக்கவில்லை. கவனத்தைக் கையிலிருந்த பொருளோடு கட்டிவிட்டது. இதற்கு மருந்தாகத் திறமையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் மயக்கம் முதலில் எடுத்துக்கொள்வதே அந்தத் திறமையைத்தான்.

பயிற்சி எதைக் கற்றுத்தருகிறது

இன்று ஒருவர் யூ-869 அளவு ஆழத்துக்குப் போக நினைத்தால் வழி நீளம். முதல் அட்டை 18 மீட்டர். அடுத்தது 30. ஆழ முக்குளிப்புக்குத் தனிப் பாடம் முடித்தால் 40. பொழுதுபோக்கு முக்குளிப்பு அதோடு முடிகிறது. பிறகு தொழில்நுட்ப முக்குளிப்பு என்ற பிரிவு. டீகம்ப்ரஷன் காத்திருப்பைக் கணக்கிடும் பாடம் 45 மீட்டர் வரை, ட்ரைமிக்ஸ் 60 வரை, அதன் மேல்நிலை 100 வரை. இவற்றுக்குப் பக்கத்தில் கப்பல் சிதைவுக்கென்று வேறொரு ஏணி. நடுவில் நூற்றுக்கணக்கான டைவ்கள், சில வருடங்கள், நல்ல காசு.

கப்பல் சிதைவுக்கான முதல் படிப் பாடத்தை நான் செய்திருக்கிறேன். நான்கு டைவ். உள்ளே நுழையலாம், ஆனால் வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற வரைதான். மேற்பரப்பிலிருந்து ஆழமும் உள்ளே போன தூரமும் சேர்த்து 40 மீட்டரைத் தாண்டக் கூடாது. கப்பல் 30 மீட்டரில் இருந்தால் உள்ளே பத்து மீட்டர், அவ்வளவுதான். கேட்கும்போது கஞ்சத்தனமாகத் தோன்றும்.

அந்த எண்ணம் போனது தண்ணீரில் அல்ல, புதுச்சேரிக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில். மாஸ்க் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, 'இதைப் பிடித்துக்கொண்டு வெளியே வா' என்றார் ஆசிரியர். கயிற்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும், விடவே கூடாது. பாதி வழியில் எறும்பு கடித்தது. ஒரு நொடிதான் விட்டேன். அப்புறம் கால் மணி நேரம் மணலில் தவழ்ந்து, கடைசியில் ஆசிரியரின் செருப்பில் போய் முட்டினேன். தரையில், முழுத் தெளிவோடு, மூச்சுக் கணக்கு எதுவும் இல்லாமல் என் லட்சணம் அது.

மேல் வகுப்புகளில் இதையே தண்ணீருக்குள் செய்யச் சொல்வார்கள். நுழைவதற்கு முன் வெளியே ஒரு கட்டு, நுழைந்ததும் உள்ளே இன்னொரு கட்டு. முதலாவது அறுந்தாலும் இரண்டாவது நிற்கும். கயிற்றை எங்கே படரவிடுவது என்பதே ஒரு கலை: கூர்மையான தகட்டில் உரசக் கூடாது, கை நுழையாத இடுக்கில் போய் விழக் கூடாது. கயிறு தவறினால் பதறி நீந்தாமல், இருக்கிற இடத்தில் சிறு ரீலின், அதாவது கயிறு சுற்றிய உருளையின், முனையைக் கட்டி அங்கிருந்து தேட வேண்டும். நண்பனுக்குக் காற்று தீர்ந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான குழாயில் அவனுக்குக் கொடுத்து, ஒருவர் பின் ஒருவராக வாசலைக் கடக்க வேண்டும். காலைத் தவளைபோல் விரித்து உதைத்தால்தான் சேறு கிளம்பாது. சாதாரணமாக மேலும் கீழும் அடித்தால் இரண்டு உதையில் அறை இருண்டுவிடும். கம்பியில் மாட்டினால் முன்னே இழுக்காமல், நின்று, ஒரு அடி பின்னே வர வேண்டும். இதையெல்லாம் கை தானாகச் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள், மூளை ஒத்துழைக்காத நாளிலும் கை ஒத்துழைக்க வேண்டும் என்பதற்காக.

நியூ ஜெர்சிக்காரர்களிடம் இன்னொரு கருவி உண்டு. கற்றாழை நார்க் கயிறு சுற்றிய பெரிய ரீல். நங்கூரக் கயிறு கிடைக்காவிட்டால் இந்தக் கயிற்றின் ஒரு முனையில் காற்றுப் பையைக் கட்டி மேலே விட்டு, மறு முனையைக் கப்பலிலேயே கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆனால் அதற்கும் மூச்சுவிட வாயு வேண்டும். ரௌஸ்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

பெயர் கிடைத்தது

1997 ஆகஸ்ட் 31 அன்று சாட்டர்டன் மின்மோட்டார் அறையிலிருந்து ஓர் உதிரிபாகப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் தகட்டில் 'யூ 869' என்று இருந்தது. ஆப்பிரிக்கக் கரையோரம் ரபாத் அருகே மூழ்கடிக்கப்பட்டதாக ஐம்பது ஆண்டுகள் பதிவில் இருந்த கப்பல். 56 பேரோடு நியூ ஜெர்சிக்கு எதிரே கிடந்தது.

அந்தப் பெட்டியை அவர் எடுத்த விதம் எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். வழியை அடைத்திருந்த பொருளைத் தாண்ட முதுகுச் சிலிண்டர்களோடு முடியாது என்று, ஒரே ஒரு சிலிண்டரைக் கையில் பிடித்தபடி இடுக்கில் நுழைந்தார். உள்ளே மாட்டிக்கொண்டு, வாயு தீரும் நேரத்தில் வெளியே வந்தார். ட்ரைமிக்ஸ் சுவாசித்ததால் தலை தெளிவாக இருந்தது. அது ஒன்றுதான் வேறுபாடு. மற்றபடி, இன்னும் சில மூச்சு தாமதித்திருந்தால் அவர் பெயரும் இன்று வகுப்புகளில் எச்சரிக்கையாகத்தான் வந்திருக்கும். பிழைத்தவரின் விதிமீறலைத் துணிச்சல் என்றும், இறந்தவரின் விதிமீறலைப் பேராசை என்றும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மட்டக்களப்பு

நமக்கு நியூ ஜெர்சி தூரம். ஆனால் இலங்கையின் மட்டக்களப்புக்கு வெளியே எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. தொடக்கத்திலிருந்தே விமானம் தாங்கியாக வடிவமைத்துப் பிரிட்டன் கட்டிய கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். ஆழம் சுமார் 53 மீட்டர்.

போன வருடம் சென்னையிலிருந்து கூடவந்த நண்பன், "காத்துலயே போயிடலாம்டா. கயித்தப் பிடிச்சு இறங்கி, பத்து நிமிஷம் பாத்துட்டு ஏறிடலாம்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. காற்றில் 55 மீட்டர் வரை கற்றுத்தரும் பாடமே இன்னும் இருக்கிறது, அதை முடித்தவன் அவன். கணக்குப்படி அங்கே ஆக்ஸிஜன் 1.32, எல்லைக்குள்தான். ஆனால் நைட்ரஜன் ஐந்து பார். காற்றின் அடர்த்தி லிட்டருக்கு எட்டு கிராம். என் அட்டையோ 30 மீட்டரோடு நிற்கிறது.

படகுக்கார அண்ணன் என் அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வெச்சிக்கொண்டு ஹெர்மிசுக்கு ஏலாது தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலைப் பார்க்க அழைத்துப் போனார். அதுவும் ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில் தாக்கப்பட்டது. பிளவுபட்ட உடல், மேலே மீன் கூட்டம், உள்ளே போக இருட்டான ஒரு வாசல். வெளிச்சம் தெரிகிற வரை போய், கயிற்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

நண்பன் அன்று ஹெர்மிசுக்குப் போனான். நல்லபடியாகத் திரும்பியும் வந்தான். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். பெரிய பீரங்கி ஒன்றைச் சொன்னான். வேறு? யோசித்தான். "ஞாபகம் இல்லடா" என்றான்.